நேபாளச் சமையல் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

காட்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஆறு வருடம் குடியிருந்தோம். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவை எல்லோரையும் போல நானும் ஆமா என்றுதான் கூப்பிடுவேன். நேபாளியில் அம்மா என்று அர்த்தம். அவர் அடுப்படியில் நின்று கற்றதைக் கோயம்புத்தூர் திரும்பிய பிறகு அக்கம்பக்கத்தில் ஆசைப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். யார் வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

நேபாளச் சாப்பாடுன்னா வட இந்தியச் சாப்பாடுதானே? தனியா கத்துக்க என்ன இருக்கு?

தெற்கே தராய் சமவெளிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஜனக்பூர் வீட்டுச் சமையலும் எல்லைக்கு இந்தப் பக்கம் பீகாரின் மிதிலைச் சமையலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், கடுகு ஐந்தும் கலந்த பஞ்ச் போரன் தாளிப்பு இரண்டு பக்கமும் உண்டு. வடக்கே போகப் போகத் திபெத்தின் சாயல் ஏறும். நடுவில் இருக்கும் மலைப்பகுதிச் சாப்பாட்டைத்தான் நான் கற்றேன். நம் ஊர் வட இந்திய ஓட்டல்களில் வரும் முந்திரி விழுது, கிரீம், எல்லாவற்றிலும் ஒரே கரம் மசாலா வாடை இதெல்லாம் அதில் கிடையாது. மஞ்சள், சீரகம், வெந்தயம், இஞ்சி, பூண்டு, மிளகாய் இவற்றை வைத்தே முக்கால்வாசிச் சமையல் முடிந்துவிடும்.

முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நம் சாம்பாரில் புளிப்பும் உறைப்பும் உப்பும் ஒரே கிண்ணத்துக்குள் சேர்ந்து வரும். அங்கே அவை தட்டில் பிரிந்து இருக்கும். தால் சாதுவாக இருக்கும், காய்கறி மிதமாக இருக்கும், புளிப்பும் காரமும் ஓரத்தில் அச்சாராக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கவளத்திலும் எதை எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சாப்பிடுகிறவர் விரல் முடிவு செய்கிறது. கீழே வரும் பாதி பதில்கள் இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதல்ல எதைச் செஞ்சு பழகறது? மோமோவா?

வருகிறவர்கள் எல்லோருக்கும் மோமோதான் வேண்டும். ஆனாலும் நான் முதலில் தால் பாத்தைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பாத் என்றால் சோறு. தால், சோறு, தர்காரி என்ற காய்கறிக் கூட்டு, சாக் என்ற கீரை, அச்சார் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வேளைச் சாப்பாடு. காலை ஒன்பது பத்து மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழு எட்டு மணிக்கு ஒரு தடவை. மோமோ, சௌமீன் எல்லாம் இரண்டுக்கும் நடுவில் வரும் டிபன்.

நெல்லுக்குத் தான், அரிசிக்குச் சாமல், சோற்றுக்குப் பாத் என்று நம்மைப் போலவே அவர்களும் மூன்று வார்த்தை வைத்திருக்கிறார்கள். “சாப்பிட்டாச்சா?” என்று விசாரிக்கும்போதும் “பாத் கானு பயோ?” என்றுதான் கேட்பார்கள்.

நாலஞ்சு அயிட்டம் இருக்கே அக்கா, வேலைக்குப் போறவ எப்படிச் செய்வேன்?

வரிசை பிடிபட்டால் ஒரு மணி நேரம் போதும். முதலில் தாலைக் குக்கரில் ஏற்றுங்கள். அது வேகும்போது அச்சாருக்குத் தக்காளியை அடுப்பில் சுட்டு வையுங்கள். அப்புறம் சோறு. சோறு வேகும் நேரத்தில் உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் போட்டுத் தர்காரி. கீரைக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம்: சூடான எண்ணெயில் ஓமம், காய்ந்த மிளகாய், பூண்டு, மேலே கீரை, உப்பு, புரட்டி இறக்க வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றவோ மசிக்கவோ கூடாது.

நான்கு பேருக்கு ஒரு டம்ளர் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து எடுங்கள். மாஸ் தால் என்பது இதுதான். லேசாகக் கழுவுங்கள், தோல் போகக் கூடாது. நான்கு டம்ளர் தண்ணீர், நசுக்கிய இஞ்சி, மஞ்சள்தூள், உப்பு, ஒரு தேக்கரண்டி நெய். குக்கரில் வெந்ததும் இரும்புச் சட்டிக்கு மாற்றிச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். இரும்பில் கொதிக்கக் கொதிக்க நிறம் கருத்து, குழைவு வரும். ஆமா வீட்டில் அந்தச் சட்டியில் வேறு எதுவும் சமைக்க மாட்டார்கள். கடைசியில் இரண்டு கரண்டி நெய்யில் காய்ந்த மிளகாயும் ஜிம்புவும் தாளித்துக் கொட்டி உடனே மூடி வைக்க வேண்டும்.

தாலில் கொஞ்சம் புளி, தக்காளி போட்டா நல்லா இருக்காதா? சப்புன்னு இருக்கே.

தனியாகக் குடித்துப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள். சோற்றில் ஊற்றி, ஒரு துளி அச்சார் தொட்டு, காய் ஒரு துண்டு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் பதிலில் சொன்னது இதுதான். தாலில் புளி விட்டால் அச்சாருக்கு வேலை இல்லாமல் போகும், எல்லாக் கவளமும் ஒரே சுவையாகிவிடும். மசூர் தாலில் தக்காளி போடும் வீடுகள் உண்டு. கறுப்பு உளுந்துத் தாலில் மட்டும் வேண்டாம்.

ஜிம்புன்னா என்ன? கிடைக்கலைன்னா என்ன பண்றது?

முஸ்தாங், டோல்பா போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் வளரும் வெங்காயக் குடும்பச் செடியின் உலர்ந்த தாள். பார்க்க வைக்கோல் துணுக்கு மாதிரி இருக்கும், மோந்தால் பெரிதாக வாசனை இருக்காது. சூடான நெய்யில் விழுந்தவுடன் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை கிளம்பும். இரண்டு விரலில் எடுக்கும் அளவு போதும். அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள், மூன்று நான்கு நொடியில் கருகிவிடும்.

காட்மாண்டு அசன் கடைவீதியில் எங்கும் கிடைக்கும். இந்தியாவில் உத்தராகண்டின் குமாவோன் பகுதியிலும் இதே வகைத் தாளை ஜம்பு என்ற பெயரில் பருப்புக்குத் தாளிக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம். கிடைக்காவிட்டால் சிட்டிகை பெருங்காயமும் மெல்லியதாக அரிந்த ஒரு பல் பூண்டும் போடுங்கள். அதே வாசனை வராது, ஆனால் தால் நன்றாகவே இருக்கும்.

திமுர் நம்ம மிளகுதானே? ஏன் நாக்கு மரத்துப் போகுது?

மிளகு இல்லை, அது வேறு குடும்பம். சீனாவின் சிச்சுவான் மிளகுக்கும், கொங்கணி வீடுகளில் மீன் குழம்புக்குப் போடும் திர்ஃபலுக்கும் திமுர் நெருங்கிய சொந்தம். இந்த மூன்றிலும் உள்ள சான்ஷூல் வகைப் பொருள்தான் நாக்கில் குறுகுறுப்பையும் மரத்துப்போவதையும் உண்டாக்குகிறது. மிளகின் காரமும் மிளகாயின் காரமும் வேறு வேறு பொருட்களால் வருபவை.

வாசனை எல்லாம் தோலில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் மாதிரி கடிபடும், பொறுக்கி எறிந்துவிடுங்கள். தோலை வெறும் சட்டியில் லேசாகச் சூடாக்கி, உப்போடு அம்மியில் நுணுக்கினால் அரை தேக்கரண்டி ஒரு கிண்ணத் தக்காளி அச்சாருக்குப் போதும். மிளகு அளவுக்கு அள்ளிப் போட்டால் மற்ற எதுவும் நாக்குக்குத் தெரியாது.

கடுகெண்ணெய் வாடை வீட்ல யாருக்கும் ஒத்துக்கல. நல்லெண்ணெய் ஊத்தலாமா?

பெரும்பாலும் காயவிடாமல் பயன்படுத்தியதால் வரும் பிரச்சினை. கடுகெண்ணெயை மெல்லிய புகை வரும்வரை காய விட வேண்டும். நிறம் ஒரு படி வெளுக்கும், மூக்கில் ஏறும் காட்டம் அடங்கும். அப்புறம் தீயைக் குறைத்து, எண்ணெய் கொஞ்சம் ஆறிய பின் தாளிக்கலாம். புகையும் சூட்டில் சீரகம் போட்டால் அந்த நொடியே கரியாகிவிடும்.

தர்காரிக்குக் கடலை எண்ணெய் ஊற்றினால் குறையில்லை. உருளைக்கிழங்கு அச்சாருக்கும், சுட்ட இறைச்சியில் செய்யும் சோய்லாவுக்கும் மட்டும் கடுகெண்ணெய் இல்லாமல் செய்யாதீர்கள். அவற்றில் எண்ணெய்தான் சுவை. நல்லெண்ணெய் விட்டால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது நம் ஊர்ச் சாப்பாடாக மாறிவிடும்.

வெந்தயத்தைக் கறுக்க விடச் சொல்றீங்க. கசக்காதா?

இதை நம்ப வைக்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். வெந்தயம் சிவந்தால் இறக்கு என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நேபாளத்தில் உருளைக்கிழங்கு அச்சாருக்கும் பல தர்காரிகளுக்கும் வெந்தயம் காப்பிக்கொட்டை நிறத்தையும் தாண்டிக் கறுக்க வேண்டும். ஐந்தாறு பேருக்கு அரை தேக்கரண்டிக்கு மேல் போடாததால் அந்தக் கசப்பு உறுத்தாது. எள்ளும் எலுமிச்சையும் சேரும்போது பின்னால் ஒரு வறுத்த மணமாக நிற்கும்.

ஆலு கோ அச்சார் செய்து பார்த்தால் புரியும். அரைக் கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து ஆற விட்டு, பெரிய துண்டாக நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் குழைந்துவிடும். ஐந்து மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து, நைஸாகப் பொடித்துக் கிழங்கின் மேல் தூவுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், இரண்டு எலுமிச்சையின் சாறு, கீறிய பச்சை மிளகாய், இருந்தால் கொஞ்சம் திமுர். மேலே குவியலாக மஞ்சள்தூள். மூன்று மேசைக்கரண்டி கடுகெண்ணெயைப் புகையக் காய்ச்சி, தீயைக் குறைத்து வெந்தயத்தைக் கறுக்க விட்டு, சரியாக மஞ்சள்தூள் குவியலின் மேல் கொட்டுங்கள். எண்ணெய்ச் சூட்டிலேயே மஞ்சளின் பச்சை வாடை போய்விடும். பிசறி, கொத்தமல்லி தூவி, அரை மணி நேரம் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விடலாம், எள் நிறைய குடிக்கும்.

அச்சார்னா ஊறுகாய்தானே? மாசக்கணக்கில் வெச்சுக்கலாமா?

பெயர் ஒன்று, பொருள் வேறு. அங்கே அன்றன்றைக்கு அரைப்பதும் அச்சார்தான். தக்காளி அச்சார் நம் துவையலுக்குப் பக்கம்: சுட்ட தக்காளி, பூண்டு, மிளகாய், உப்பு, திமுர், அவ்வளவுதான். அதை அரைக்கும் கல்லுக்குச் சிலௌட்டோ என்று பெயர், குழவிக்கு லோஹோரோ. நம் அம்மியேதான். மிக்ஸியில் அடித்தால் தக்காளி நுரைத்து வெளுத்துப் போகும். அம்மி இல்லாதவர்கள் இடிகல்லில் நசுக்குங்கள்.

மாதக்கணக்கில் வைப்பதும் உண்டு. முள்ளங்கியை வெயிலில் வாட்டி, கடுகுப்பொடியும் எண்ணெயும் சேர்த்துப் புளிக்க விடும் மூலா அச்சாரும், லப்சி என்ற புளிப்புக் காயில் செய்யும் அச்சாரும் அந்த வகை.

கடையில கோதோ மாவு கேட்டா வரகு மாவு தர்றாங்க. டிண்டோ அதுலதான் செய்யணுமா?

இதில் பலரும் ஏமாந்திருக்கிறார்கள். இந்தியில் கோதோ என்றால் வரகு. நேபாளியில் கோதோ என்றால் கேழ்வரகு. இரண்டும் வேறு தானியம். நேபாளக் குறிப்பில் கோதோ கோ பீட்டோ என்று இருந்தால் உங்கள் வீட்டு ராகி மாவை எடுங்கள்.

டிண்டோவும் நம் களியும் உடன்பிறந்தவை. கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவிக்கொண்டே மரக் கரண்டியால் கட்டி விழாமல் கிளறுவது, கையில் ஒட்டாத பதம் பார்ப்பது, உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவது எல்லாம் அப்படியே. கேழ்வரகு தவிர மக்காச்சோள மாவிலும், பக்வீட் என்று கடைகளில் விற்கும் ஃபாபர் மாவிலும் செய்வார்கள். முஸ்தாங் பக்கத்துத் தகாலி மக்களின் ஃபாபர் டிண்டோவுக்குத் தனி மதிப்பு. களி கிண்டத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள், நான் சொல்லித் தருவதைவிட அவர் கை நன்றாகச் சொல்லும்.

குந்த்ருக் வீட்டிலேயே போட முடியுமா? நம்ம ஊர்ச் சூட்டுல கெட்டுடாதா?

முடியும், சூடு இதற்கு உதவிதான். குந்த்ருக் என்பது புளிக்கவைத்துக் காயவைத்த கீரை. அங்கே ராயோ என்ற கடுகுக்கீரை, முள்ளங்கி இலை, காலிஃப்ளவர் இலை எல்லாவற்றிலும் போடுவார்கள். குளிர்காலத்தில் தோட்டத்தில் கீரை மிஞ்சும், கோடையில் பஞ்சமாக இருக்கும். அதற்காக மலைக் குடும்பங்கள் கண்ட வழி இது. உப்புகூடச் சேர்ப்பதில்லை. கீரையில் இயல்பாக இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்க, அந்தப் புளிப்பே கெடாமல் காக்கிறது.

இங்கே முள்ளங்கி இலைதான் வசதி. சந்தையில் கிள்ளி எறிவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அலசி, நிழலும் வெயிலுமாக ஒன்றிரண்டு நாள் வாட விடுங்கள். காயக் கூடாது, துவள வேண்டும். அப்புறம் கையால் கசக்கி, அம்மிக் குழவியால் லேசாகத் தட்டி, சாறு கசியும்போது சுத்தமான கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் முஷ்டியால் அழுத்துங்கள். உள்ளே காற்று இடம் இருக்கவே கூடாது. நான் இங்கே வந்து முதலில் போட்ட ஜாடி அதனால்தான் வீணானது. தளர்வாக அடைத்துவிட்டேன், மேல்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது. இறுக்கி மூடி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஆமா வீட்டில் பத்து நாள் வரை வைப்பார்கள், இங்கே எனக்கு ஆறு நாளில் புளித்துவிடுகிறது. எடுத்து உதறி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயும்வரை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

சமைப்பதற்கு: ஒரு பிடி குந்த்ருக்கைக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயில் சோயா பீன்ஸை வறுத்து, வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு வதக்கி, மஞ்சள், மிளகாய், குந்த்ருக் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். சளி பிடித்த நாளில் எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பதில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஜாடியைத் திறந்தா ஒரு மாதிரி வாடை வருது. கெட்டுப்போச்சா, சரியான வாசனைதானா?

பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பும் கொஞ்சம் வைக்கோல் வாசனையும் கலந்தாற்போல் வந்தால் சரி. அழுகல் நாற்றம், கொழகொழப்பு, வெள்ளையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரிப் பூஞ்சை, இவற்றில் எது இருந்தாலும் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

மோமோ மேல்தோல் ரப்பர் மாதிரி ஆகுது, இல்லைன்னா பிஞ்சு போகுது. எங்கே தப்பு?

இரண்டும் மாவில் நடக்கும் தவறு. மைதாவில் உப்பும் சாதாரணத் தண்ணீரும் மட்டும். சோடாவோ ஈஸ்ட்டோ வேண்டாம். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, ஈரத் துணி மூடி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஓய்வு கொடுக்காத மாவு இழுத்த இழுப்புக்கு வராமல் சுருங்கும், அதைத் தடியாகவே மடிப்போம், வெந்தால் ரப்பர். தேய்க்கும்போது ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் இருக்கட்டும். நடு மெலிந்தால் அடியில் பிய்ந்து சாறெல்லாம் ஓடிவிடும்.

காய்கறி மோமோவுக்கு முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். இறைச்சி மோமோவுக்கு நேர்மாறு. கொத்துக்கறியில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, சீரகத்தூள், கொத்தமல்லியோடு கொஞ்சம் எண்ணெயும் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீரும் விட்டுப் பிசைய வேண்டும். கடிக்கும்போது உள்ளே சாறு வர வேண்டும், அதுதான் நல்ல மோமோவுக்கு அடையாளம். நேபாளத்தில் அதிகம் எருமைக்கறிதான். இங்கே கோழியின் தொடைக்கறி நன்றாக வருகிறது, நெஞ்சுக்கறி வறண்டுவிடும்.

வேகவைக்க நம் இட்லிப் பாத்திரம் அருமையானது. குழித்தட்டை எடுத்துவிட்டுத் துளைத்தட்டு வைத்து எண்ணெய் தடவினால் போதும். குவிந்த மூடியில் ஆவி நீர் ஓரமாக வழிந்துவிடும், மோமோ மேல் சொட்டாது. கோழிக்கறி மோமோவுக்குப் பன்னிரண்டு நிமிடம், காய்கறிக்கு எட்டு.

மோமோவுக்கு அந்தச் செவப்புச் சட்னியும் மயோனைஸும்தானே ஒரிஜினல்?

மயோனைஸ் இந்திய நகரத் தெருக்கடைகள் சேர்த்தது. காட்மாண்டுவில் தக்காளி அச்சார்தான். மேலே சொன்ன சுட்ட தக்காளி அச்சாரில் வறுத்த எள்ளோ வறுத்த சோயா பீன்ஸோ சேர்த்து அரைத்தால் மோமோ அச்சார். அதையே இன்னும் நீர்க்கக் கரைத்து, மோமோ மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் ஜோல் மோமோ. மோமோ வந்தது திபெத்திலிருந்து. லாசாவோடு வணிகம் செய்த காட்மாண்டு நேவார் வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். இந்த அச்சார் சேர்ந்த பிறகுதான் அது நேபாளப் பண்டமானது என்பது என் எண்ணம்.

சேல் ரொட்டி எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போயிடுது. வளையமாவே வரல.

திஹார் பண்டிகைக்குச் செய்யும் அரிசிப் பலகாரம் இது. திஹார் நம் தீபாவளி நாட்களில்தான் வரும். அதிரசம் சுட்டவர்களுக்குப் பாகு முற்றினால் என்ன, இளகினால் என்ன என்று தெரியும். சேல் ரொட்டியிலும் அப்படித்தான். சர்க்கரையோ நெய்யோ கூடினால் மாவு எண்ணெயில் கரைந்து பிரியும்.

இரவு ஊறவைத்த இரண்டு டம்ளர் பச்சரிசிக்கு முக்கால் டம்ளருக்கு மேல் சர்க்கரை வேண்டாம். கால் டம்ளர் உருக்கிய நெய், ஒரு கனிந்த வாழைப்பழம், ஏலக்காய். மெல்லிய ரவை தட்டுப்படும் அளவுக்கு அரைத்து, இரண்டு மணி நேரம் வைத்து, ஊற்றும் முன் கையால் நன்றாக அடியுங்கள். கையிலிருந்து நாடா மாதிரி அறுபடாமல் விழ வேண்டும். அறுந்து சொட்டினால் கொஞ்சம் தண்ணீர், ஓடினால் ஒரு கரண்டி அரிசி மாவு. வளையமாக ஊற்றுவது கைப்பழக்கம். ஓரத்தை வெட்டிய பால் கவரில் மாவை ஊற்றிப் பிழிந்து பழகுங்கள். உள்ளே வெந்து வெளியே சிவக்க மிதமான தீ வேண்டும். திருப்ப நீளக் குச்சி போதும், சல்லிக் கரண்டி வளையத்தை உடைத்துவிடும்.

நேவார் சாப்பாடுன்னு தனியா சொல்றாங்களே, அது நமக்கு வருமா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நம் கைக்கு வேகமாக வருவதும் இதுதான். நேவார்கள் காட்மாண்டு பள்ளத்தாக்கின் பழைய குடிகள். அவர்கள் விருந்தான சமய் பஜியில் நடுவில் இருப்பது சியூரா, அதாவது அவல். சுற்றிலும் சோய்லா, வறுத்த கறுப்புச் சோயா, இஞ்சி, உருளைக்கிழங்கு, முட்டை. தோல் நீக்கிய உளுந்தை அரைத்துத் தட்டையாகச் சுடும் வோ, நம் வடைக்கும் அடைக்கும் நடுவில் இருக்கும். நேபாளியில் அதற்கே பாரா என்று பெயர். அரிசிமாவில் மெல்லியதாக ஊற்றும் சட்டாமரி தோசைக்கல்லிலேயே வரும்.

யோமரியைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். அரிசிமாவுச் சொப்புக்குள் வெல்லமும் எள்ளும் வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைதான், ஒரு முனை மீன் வால் மாதிரி நீண்டிருக்கும். அறுவடை முடிந்த யோமரி புன்ஹி பௌர்ணமியில் செய்வார்கள். உள்ளே வைக்கும் வெல்லத்துக்குச் சாக்கு என்று பெயர், கரும்புச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சியது. நம் பொங்கல் நேரத்தில் வரும் மாகே சங்கராந்திக்கும் எள்ளுருண்டை, நெய், தருல் என்ற கிழங்கோடு இந்தச் சாக்கு உண்டு.

பூணூல் மாற்றும் ஜனை பூர்ணிமா நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும். அன்று ஒன்பது பயறுகளை முளைகட்டிக் க்வாத்தி என்ற குழம்பு வைப்பார்கள். பச்சைப்பயறு, கறுப்பு உளுந்து, கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி, சோயா என்று நம் கடையில் ஏழு எட்டு சுலபமாகத் தேறும். ஒன்பது கிடைக்காவிட்டாலும் செய்யுங்கள். தாளிப்பில் ஓமம் கட்டாயம்.

இதோட சேர்த்து இந்தியப் பக்கம் எதைக் கத்துக்கலாம்?

நேபாளி பேசும் டார்ஜிலிங், காலிம்போங், சிக்கிம் வீடுகளில் குந்த்ருக்கும் டிண்டோவும் அன்றாடச் சாப்பாடு. புளித்த சோயாவான கினிமாவும் அங்கே உண்டு. அதனால் இது இந்தியச் சமையலும்தான். இன்னொரு பக்கம் குமாவோன், கர்வால். நம் கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடும் கொள்ளு அங்கேயும் நேபாள மலைகளிலும் கஹத் என்ற பெயரில் குளிர்காலப் பருப்பு. அதை ஊறவைத்து வேகவிட்டு, ஜம்புவும் நெய்யும் தாளித்து வைத்தேன். கொள்ளு ரசத்திலேயே வளர்ந்த என் மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாங்க சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டோம். முடியுமா?

தாராளமாக. விரத நாட்களில் அங்கேயும் பல வீடுகளில் வெங்காயம், பூண்டு இல்லாத சமையல்தான். இஞ்சி, சீரகம், பெருங்காயம் வைத்துத் தர்காரி செய்யலாம். ஆலு அச்சாரில் முதலிலேயே வெங்காயம் இல்லை. ஜிம்பு வெங்காயக் குடும்பம் என்பதால் உங்களுக்கு ஆகாது, பெருங்காயம் மட்டும் போதும். உருளைக்கிழங்கு, காராமணி, தாமா என்ற புளித்த மூங்கில் குருத்து சேர்த்த ஆலு தாமாவை ஒருமுறை செய்து பாருங்கள். அந்தப் புளிப்பு வேறு எதிலும் வராது.

நேபாளி வீடியோல சொன்ன நேரம் வெச்சா இங்க பருப்பு குழைஞ்சுடுது. ஏன்?

உயரம். காட்மாண்டு சுமார் 1,400 மீட்டரில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, அதனால் வேக நேரம் கூடும். ஊட்டியில் சமைத்தவர்களுக்கு இது தெரியும். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் குறிப்பு என்றால் கால்வாசி நேரம் குறைத்துப் பாருங்கள். குக்கரில் வித்தியாசம் கொஞ்சம்தான், குக்கரிலும் குழைந்தால் காரணம் பெரும்பாலும் நீங்கள் அதிக நேரம் ஊறவைத்தது.

“ஒரு மானா அரிசி”ன்னு சொல்றாங்க. எவ்வளவு அது?

நம் படி, உழக்கு மாதிரி ஒரு முகத்தல் அளவு. ஒரு மானா 568 மில்லி. எட்டு மானா ஒரு பாத்தி, இருபது பாத்தி ஒரு முரி. வீட்டு அளவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேபாளம் போறோம். அங்க ஒரு வீட்டுல அடுப்படிக்குள்ள போய்க் கத்துக்க விடுவாங்களா?

கேட்டுவிட்டுப் போங்கள். சில வீடுகளில் அடுப்பும் சமைத்த சோறும் இருக்கும் இடத்துக்கு வெளியாட்கள் வருவதை விரும்ப மாட்டார்கள், சில வீடுகளில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள். எச்சில் பார்ப்பது நம்மைப் போலவே உண்டு, ஜூட்டோ என்பார்கள். உப்புப் பார்க்க வேண்டுமென்றால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள், வாயில் வைத்த கரண்டி திரும்பப் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. பசு அங்கே தேசிய விலங்கு. எருமைக்கறி பலர் வீட்டில் உண்டு, சாப்பிடாத குடும்பங்களும் உண்டு. அதனால் இறைச்சிப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம்.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டு காலியாகக் காலியாகப் பரிமாறிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்பதற்குப் “புக்யோ” என்று சொல்லுங்கள். ஆமாவிடம் அதை வாயால் சொன்னால் மட்டும் நடக்காது, தட்டின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு கரண்டி தால் வரும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.